பொன்னாடை வேண்டாம், ஸ்கோர் மேசை கொடுங்கள்

எங்கள் ஊர் மாட்டுப் பொங்கல் கபடிப் போட்டிக் குழுவினருக்கும், இந்த வட்டாரத்தில் போட்டி நடத்தும் மற்ற ஊர்க் குழுக்களுக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அம்மா காப்பி கொடுத்தார். அழைப்பிதழின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினீர்கள். சிறப்பு விருந்தினர் வரிசையில் நாலாவதாக என் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'முன்னாள் வீரர்'. இறுதிப் போட்டிக்கு முன்னால் பொன்னாடை போர்த்துவோம், வீல்சேர் வண்டியோடு சேர்த்து நாலு பேர் தூக்கி மேடையில் ஏற்றிவிடுவோம், ஆறு படிதான், கவலைப்படாதே என்றார் மாமா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துவிட்டேன். மேடைக்கு வரவில்லை. இதை நேரில் சொன்னால் மாமா கண் கலங்குவார், நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். விரல் மடங்காத கை என்பதால் சுண்டுவிரல் கணுவால் போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, மூன்று ராத்திரி ஆயிற்று இதை முடிக்க. மற்ற ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் உறையில் போட்டு ஒட்டாமல் எல்லார் முன்னாலும் வைக்கிறேன்.

முதலில் அந்த ராத்திரியைப் பேசிவிடுவோம். 12 வருடமாக என் எதிரில் யாரும் பேசாத ராத்திரி அது.

அரையிறுதி. எனக்கு வயது 22. எதிரணியில் மூன்று பேர் மிச்சம், நாம் இரண்டு புள்ளி பின்னால். பாடிப் போனேன். மூன்று பேரும் கைகோத்துச் சங்கிலி போட்டு நடுக்கோட்டை மறித்துவிட்டார்கள். தாண்டிப் பாய்ந்தேன். கால் அவர்கள் தோளுக்கு மேலே இருக்கும்போது ஒருவன் கை கணுக்காலில் விழுந்தது. அவன் மீது தப்பில்லை, நல்ல பிடி அது. ஆனால் பாய்ந்த வேகம் முழுவதும் தலைக்கு வந்துவிட்டது. உச்சந்தலை தரையில் மோதியது. கழுத்தில் மின்சாரம் வெட்டியது போல ஒரு நொடி. அதற்குப் பிறகு உடம்பில் ஒரே அமைதி. கை கோட்டைத் தொட்டிருந்தது என்றும், புள்ளி கொடுத்து நம் அணி ஜெயித்தது என்றும் ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

விழுந்ததும் நீங்கள் பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தீர்கள். ஒருவர் அக்குளில் கைகொடுத்து என்னை உட்கார வைத்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். சுளுக்காக இருக்கும் என்று ஒருவர் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். பிறகு நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, பந்தல் சாமான் ஏற்றி வந்த வேனில் போட்டு, தலையை யாரோ மடியில் வைத்துக்கொள்ள, குண்டும் குழியுமான சாலையில் பறந்தீர்கள். எல்லாம் அன்புதான். வெளியே நின்றிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். எலும்பு உடைந்தது விழுந்தபோது. ஆனால் உள்ளே இருக்கிற தண்டுவடம் விழுந்தபோது எவ்வளவு நசுங்கியது, வேனில் எவ்வளவு நசுங்கியது என்று எந்த ஸ்கேனும் பிரித்துச் சொல்லாது. அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். நீங்கள் விடக்கூடாது. ஏனென்றால் இந்தப் பொங்கலுக்கும் 24 அணி இறங்குகிறது.

ஒருவன் தலைகுப்புற விழுந்து எழுந்திருக்கவில்லை என்றால் முதல் வேலை, ஓடி வருகிறவர்களை நிறுத்துவது. ஒரே ஒருவர் அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு காது பக்கமும் கை கொடுத்து, தலை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 108 வரும்வரை அந்தக் கை எடுபடக்கூடாது. கால் விரலை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். அசையவில்லை, மரத்துப்போயிருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று எது சொன்னாலும் உட்கார வைக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் நாலு பேர் சேர்ந்து, தலைமாட்டில் இருப்பவர் எண்ணிக்கை சொல்ல, மரக்கட்டையை உருட்டுவது போலத் தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். பலகையில் ஏற்றுவதும் இதே முறைதான். இதைப் படித்து வராது, பழகித்தான் வரும். போட்டிக்கு முந்தின நாள் கோடு போடுகிறீர்களே, அப்போது ஒரு மணி நேரம் 108 ஊழியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸையோ கூப்பிட்டு, உங்களில் ஒருவரையே படுக்க வைத்துச் செய்து பார்த்துவிடுங்கள். மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென்று அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. கபடிக் களத்தில் விழுகிறவனுக்கு அப்போதைக்கு இருப்பது நீங்கள்தான்.

இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காது. தலையை முன்னால் கொடுத்துப் பாய்கிறவனுக்குத்தான் நம் ஊரில் கைதட்டல் அதிகம். மைக்கில் பேசுகிறவர் 'சிறுத்தை' என்பார். என்னையும் சொன்னார். கழுத்தில் ஏழு எலும்பு. நிமிர்ந்து நிற்கும்போது அவை லேசாக வளைந்திருக்கும், அடி விழுந்தால் அந்த வளைவு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தலையைக் குனிந்தால் வளைவு போய் ஏழும் ஒரே கோட்டில் நின்றுவிடும். அப்போது உச்சந்தலையில் விழும் அடி கடப்பாறையின் தலையில் அடித்தது போல நேரே இறங்கும். அமெரிக்காவில் அவர்களுடைய கால்பந்தில், ஹெல்மெட் தலையால் முட்டித் தள்ளுவதை 1976இல் விதி போட்டுத் தடை செய்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே கழுத்துக்குக் கீழே செயலிழந்து போகும் வீரர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆட்டம் ஒன்றும் செத்துப்போகவில்லை. நாம் விதியை மாற்ற முடியாது, அது கபடிச் சங்கத்தின் வேலை. ஆனால் பயிற்சியில் சொல்லலாம், பாய்ந்தால் நாடியைத் தூக்கு, கண் கோட்டைப் பார்க்கட்டும், தரையைப் பார்க்காதே என்று. மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கலாம். மைக்கில் சிறுத்தையை நிறுத்தலாம்.

சரி, விழுந்தவன் பிழைத்துவிட்டான். அப்புறம் என்ன நடக்கிறது?

எனக்கு நடந்தது இது. அறுவைச் சிகிச்சை முடிந்தது, கழுத்தில் பட்டை போட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் ஊர் ஊராகத் துண்டு ஏந்தி வசூல் செய்தீர்கள். 1,84,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு இத்தனை வருடம் கழித்துக் கணக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பகுதி எண்ணெய்க்கும், உடம்பைப் பிடித்து உருவிவிடும் தொக்கணத்துக்கும் போயிற்று. நடக்க வைத்துக் காட்டுகிறேன் என்று வந்த ஒருவர் 40,000 வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் காணாமல் போனார். மிச்சம் படுக்கைப் புண்ணுக்கு. வால் எலும்பில், உள்ளங்கை அகலத்துக்கு, எலும்பு தெரியும் அளவுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. அம்மாவுக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது, பார்க்க வந்தவர்களுக்கும் தெரியாது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள்.

அதே சமயத்தில் பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் வைத்த ஃபிளெக்ஸ் நினைவிருக்கிறதா? ஏழாம் நம்பர் சட்டையில் நான், பின்னால் புறா பறக்கிறது, சுற்றிலும் உங்கள் எல்லாருடைய முகமும். 'மீண்டு வா மாவீரனே'. பக்கத்து ஊர்ப் பெரியம்மா பஸ்ஸில் போகும்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மாலையோடு வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். உள்ளறையில் நான் படுத்திருந்தேன். அவர் அழுத பாட்டில் என் அருமை பெருமை எல்லாம் சரியாகவே இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது.

இரண்டு வருடம் போனது இப்படி. அதன் பிறகுதான், ஒரு மறுவாழ்வு மையம் பற்றிக் கேள்விப்பட்டு அக்கா அழைத்துப்போனாள். நடக்க வைப்பார்களா என்றுதான் நான் முதலில் கேட்டேன். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா மழுப்பவில்லை. இல்லை, உட்கார வைப்போம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் கழித்து, கயிறு கட்டாமல், சாயாமல், நானே பத்து நிமிடம் உட்கார்ந்த அன்றைக்கு, பாடிப் போய்ப் போனஸ் எடுத்த மாதிரி இருந்தது.

அங்கே கற்றதைச் சொன்னால் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும். என் விரல்கள் தாமாக மடங்காது. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தினால் விரல்கள் தாமே உள்ளே சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் டம்ளர் பிடிக்கலாம், சீப்புப் பிடிக்கலாம். அந்த ஒரு அசைவைப் பழக இரண்டு மாதம். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது. வண்டியில் உட்கார்ந்தபடியே அடிக்கடி பக்கவாட்டில் சாய்ந்து இருக்கைமேல் விழும் பாரத்தைக் குறைப்பது. காயத்துக்குக் கீழே எனக்கு வியர்க்காது என்பதால் வெயிலில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வீல்சேர் வேறு, ஒரு மனிதன் நாள் முழுக்க வாழ்கிற வீல்சேர் வேறு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. அளவெடுத்துச் சட்டை தைப்பது போல இடுப்பு அகலம், தொடை நீளம் பார்த்துச் செய்ய வேண்டிய பொருள் அது.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அண்ணன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கை இரண்டும் உருப்படி. அந்த வார்டில் மரத்திலிருந்து விழுந்தவர்கள், தண்ணீர் வற்றியது தெரியாமல் கிணற்றில் குதித்தவர்கள், மூட்டை சரிந்து விழுந்தவர்கள், பைக்கில் போனவர்கள் என்று ஒரு கிராமமே இருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீயாவது கோட்டைத் தொட்டுவிட்டாய். நான் இளநீரைக்கூடத் தொடவில்லை." இரண்டு வருடத்தில் நான் முதல்முறை வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். அவர் இப்போது முன்பக்கம் மோட்டார் மாட்டிய வண்டியில், அந்த நியோபோல்ட் என்று ஐஐடி மெட்ராஸ் பக்கம் உருவானதே, அதில் சந்தைக்குப் போய் தேங்காய் வியாபாரம் பார்க்கிறார். மரம் மட்டும் வேறு ஆள் ஏறுகிறார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதைப் பிடிவாதமாக நடைமுறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். ஹிட்லர் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூதர். ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் 1944இல் தண்டுவடப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். அதுவரை இப்படிப்பட்டவர்கள் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சீக்கிரமே செத்துப்போவார்கள் என்றே விட்டுவிடுவார்கள். இவர் புரட்டினார், உட்கார வைத்தார், கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். 1960இல் ரோமில் அது 23 நாட்டிலிருந்து 400 பேர் வந்த போட்டி ஆனது. இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அதுதான். எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், அவருக்கு விளையாட்டு ஒரு பொழுதுபோக்கில்லை, அதையே மருந்தாகத்தான் கொடுத்தார்.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அமித் குமார் சரோஹா. ஹரியானாக்காரர். ஹாக்கி வீரர். 2007இல் கார் விபத்து, வயது என்னைப் போலவே 22, கழுத்துக்குக் கீழே போயிற்று. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று நாலு பாராலிம்பிக் போனவர். 2013இல் அர்ஜுனா விருது வாங்கியவர். அவருடைய போட்டி 'கிளப் த்ரோ'. நம் ஊரில் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 397 கிராம் எடையுள்ள ஒரு மரக் கட்டை, கிட்டிப்புள்ளில் வரும் புள்ளைப் பெரிதாக்கி ஒரு பக்கம் பருமனாகக் கடைந்த மாதிரி. விரலில் பிடியில்லாதவர்கள் வட்டு பிடிக்க முடியாது என்பதால் இது. தரையோடு கட்டிய இருக்கையில் வீரரைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வயிற்றுத் தசை உதவாது, தோளும் கையும்தான். விரல் இடுக்கில் கட்டையைச் செருகி வீச வேண்டும்.

அவருடைய ஹரியானாவிலேயே சோனிபத் பக்கத்தில் தரம்பீர் என்று ஓர் இளைஞர். கால்வாயில் ஆழம் தெரியாமல் தலைகுப்புறக் குதித்து, அடியில் கிடந்த பாறையில் மோதி உடம்பு செயலிழந்தவர். அவருக்கு இந்தக் கட்டையை அறிமுகப்படுத்திப் பயிற்சி கொடுத்தவர் சரோஹா. 2024 பாரிஸில் ஆசிரியர், மாணவர் இரண்டு பேரும் ஒரே போட்டியில். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி, செப்டம்பர் 5 பிறந்துவிட்டது. நான் போனை நெஞ்சில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரம்பீரின் முதல் நாலு வீச்சும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம். பிரணவ் சூர்மா என்ற இன்னொரு நம் நாட்டுக்காரர் 34.59, வெள்ளி. சரோஹா அந்தப் போட்டியில் கடைசியாக வந்தார். தங்கம் வாங்கியவர் அதைத் தன் குருவுக்குச் சமர்ப்பணம் என்றார். அன்றைக்கு ஆசிரியர் தினம். அதே நாள்தான் உலகத் தண்டுவடக் காய நாளும். நாள்காட்டி சில சமயம் இப்படியும் வேலை செய்கிறது.

விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கத்துக்காக இல்லை. கடைசியாக வந்த அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்றைக்குத் தோற்ற போட்டியில்தான் அவருடைய வேலை ஜெயித்திருந்தது. மைதானத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்தது என்பதுதான் விஷயம். யாரும் அவரை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

தமிழ்நாட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 19 வயதுக்குட்பட்டோர் தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்த பிரீத்தி சீனிவாசன், 1998இல் புதுச்சேரிக் கடலில் கழுத்தில் அடிபட்டவர், பிறகு திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கி எங்களைப் போன்றவர்களுக்காக வேலை செய்கிறார். கடற்படை அதிகாரித் தேர்வின் உடல் தகுதிச் சோதனையில் 1975இல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் ஐந்து பிள்ளைகளோடு ஓலைக்கொட்டகையில் தொடங்கியது இன்று அமர் சேவா சங்கம் என்று எவ்வளவு பெரிதாக நிற்கிறது, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர்கள் பெயரைச் சொல்லி, நீயும் இவர்களைப் போல ஆக வேண்டும் என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது அரிப்பு எடுக்கிறது. நடக்கிறவர்கள் எல்லாரும் அப்துல் கலாம் ஆகிவிட்டார்களா? எனக்குச் சாதாரண வாழ்க்கை வேண்டும். சாதாரணமாக, திருப்தியாக.

அது எனக்கு ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் பாதி நேரம் அம்மாவிடம்தான் பேசுகிறீர்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே "தம்பி சாப்பிடுகிறானா" என்று. திண்ணையில் கம்ப்யூட்டர் வைத்து ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிறேன். அரசு தரும் மாத உதவித்தொகை 2,000 ரூபாயில் சிறுநீர்க் குழாயும் கையுறையும் வாங்கியது போக மிச்சம் ஒன்றும் நிற்காது, ஆகவே அந்தக் கம்ப்யூட்டர்தான் சோறு. அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவள் எனக்கு ஷேவ் பண்ணிவிடுகிறாள், கன்னத்தில் வெட்டுக்காயம் இருந்தால் அவளுக்குப் பரீட்சை சரியில்லை என்று அர்த்தம்.

நாலு வருடத்துக்கு முன்னால் நம் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். பெண்கள் அணி ஆடிய ஆட்டத்தைப் போனில் எடுத்து வந்திருந்தார். எங்கே தோற்கிறோம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். எதிரணி வலது கார்னர் ஒவ்வொரு முறையும் இடது கால் முன்னால் வந்த பிறகுதான் பாய்கிறாள் என்பது மூன்றாவது ரெய்டிலேயே தெரிந்துவிட்டது. எட்டு வருடமாக நான் கபடி பார்க்கவில்லை, சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணுக்குள் ஆட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் மைதானத்துக்கே போனேன். அந்தப் பிள்ளைகள் என் கால்களைப் பார்க்கவில்லை. ஒருத்தி வந்து, "அண்ணா, போனஸ் எடுக்கும்போது பின்னங்கால் தரையில் பட்டால் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டாள். பின்னங்கால் காற்றில் இருக்க வேண்டும், எதிரில் ஆறு பேராவது இருக்க வேண்டும் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகக் காற்றில் கோடு போட்டது. விழுந்ததற்குப் பிறகு ஒருவர் என்னிடம் எனக்குத் தெரிந்ததைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்றுதான் அதுவரை எல்லாரும் கேட்டார்கள்.

வாரத்தில் நாலு நாள் இப்போது அங்கேதான். போன வருடம் மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். அரையிறுதி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே என் விண்ணப்பம். பொன்னாடை வேண்டாம், ஸ்கோர் மேசை கொடுங்கள். போன வருடம் ஸ்கோர் எழுதிய தம்பி காலிறுதியில் ஒரு லோனாவின், அதாவது எதிரணி முழுவதும் அவுட் ஆனால் கிடைக்கும், இரண்டு புள்ளியை விட்டுவிட்டு அடிதடி ஆனது எனக்கும் தெரியும். புள்ளி வர வர எண்களைக் கோடிட்டு அடித்துக்கொண்டே போகும் வேலைதானே, கைப்பட்டையில் பேனாவைச் செருகிவிட்டால் நான் செய்வேன். ஒவ்வொரு ரெய்டுக்கும் 30 விநாடி பார்க்கும் பொறுப்பையும் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஸ்கோரருக்கு என்ன தொகை கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். குறைக்க வேண்டாம், பரிதாபப்பட்டுக் கூட்டவும் வேண்டாம். பொன்னாடைக் காசில் ஒரு கழுத்துப் பட்டையும் பட்டைகள் வைத்த முதுகுப் பலகையும் வாங்கி மேசைக்கு அடியில் வையுங்கள். அழைப்பிதழில் 'முன்னாள்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அலுவலர்கள் பட்டியலில் என் பெயரைப் போடுங்கள். ஃபிளெக்ஸில் என் படம் வேண்டவே வேண்டாம், பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது.

மற்ற ஊர்க் குழுக்களுக்கு. இந்த வட்டாரத்தில் என்னைப் போல வீட்டுக்குள் இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். இரண்டு பேர் ஆடியவர்கள். அதில் ஒருவருக்குத் தோள் நன்றாக இருக்கிறது, குண்டு எறியலாம், ஈட்டி எறியலாம், சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30ஆவது பிரிவில், விளையாட்டில் எங்கள் பங்கேற்பை உறுதிசெய்யும் பொறுப்பை அரசிடம் கொடுத்திருக்கிறது. அதை நாங்கள் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் வீட்டுக்குப் போய், எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல், சாயங்காலம் மைதானத்துக்கு வருகிறாயா என்று கேட்பது. முதல் தடவை வரமாட்டேன் என்பார். நானும் சொன்னேன். மறுபடி போங்கள்.

எங்கள் ஊர்க் குழுவுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மேசை குறுக்குக்கட்டை இல்லாததாக இருக்கட்டும், முழங்கால் இடித்துப் புண்ணானாலும் எனக்குத் தெரியாது. மைதானத்து வாசலில் மணலைக் கொட்டிவிடாதீர்கள், முன்சக்கரம் புதைந்துவிடும். இரண்டு பழைய கதவுப் பலகை போட்டால் போதும். பகல் ஆட்டத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் துண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எனக்கு மறைவான இடம் வேண்டும், பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம் சாவியை ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்காரும் தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: திடீரென்று என் முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, தலை பிளக்கிறது என்றால் என்னைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டு, அக்காவைக் கூப்பிட வேண்டும். சிறுநீர் கட்டியிருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வெளியே எடுத்தால் சரியாகிவிடும். பயந்து வேனில் போட்டுவிடாதீர்கள்.

முதல் ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். எட்டரைக்கு வந்துவிடுவேன். ஸ்கோர் தாள் நாற்பது எடுத்து வையுங்கள், போன வருடம் போல நோட்டைக் கிழித்து எழுத முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஏழாம் நம்பர்